வரிசையில் நிற்காத பிள்ளை

ஆஸ்பத்திரி வாசல் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் இதை எழுதுகிறேன். நான் ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எழுத்து எனக்குச் சுலபமாக வராது. வருகிற மாதிரி எழுதுகிறேன்.

நம்பர்த் துண்டு கொடுப்பது, பெயர் கூப்பிடுவது, கட்டில் தள்ளுவது எல்லாம் கெதியில், நாலைந்து நாளில் பழகிவிடும். அதைப் பற்றி நான் சொல்லப் போவதில்லை. யாரை உள்ளே விடுவது, யாரைத் திருப்பி அனுப்புவது என்பதுதான் பழகாது. மருந்து எழுதுகிறவர் டொக்டர். டொக்டரிடம் போகிற கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் நீங்கள். சம்பளம் குறைந்த ஆள் பிடிக்கிற கதவு என்பதால் அதைப் பற்றி யாரும் பெரிதாகக் கதைப்பதில்லை.

வரிசை எல்லாருக்கும் ஒன்று என்று உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். நல்ல விதிதான். ஆனால் வரிசையில் நிற்கவும் வசதி வேண்டும். வீட்டில் சோறு இருக்க வேண்டும். ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் பரவாயில்லை என்ற நிலை இருக்க வேண்டும். கூட வருகிற பிள்ளை ஓரிடத்தில் இருக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாத ஒரு தாயைப் பற்றிச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கிளிநொச்சிப் பக்கத்து அலுவலகம், கடை, பள்ளிக்கூடம் எல்லாம் சண்டையால் இடம்பெயர்ந்து கிடந்த காலம். எங்கள் ஆஸ்பத்திரியும் தர்மபுரத்துக்குக் கிட்ட ஒரு பழைய நெற்களஞ்சியத்துக்குள் வந்து குந்தியது. மூட்டை அடுக்கிய இடத்தில் கட்டில் போட்டோம். நெல் நிறுத்த பெரிய தராசு ஒரு மூலையில் அப்படியே நின்றது. முன்னால் ஒரு கதவு. லொறியில் மூட்டை ஏற்றுவதற்குப் பின்னால் ஒரு கதவு. இரண்டையும் பூட்டுகிற திறப்பு என்னிடம்தான்.

மாதத்தில் ஒருநாள் ஒரு டொக்டர் வருவார். மனநோய், மனம் சம்பந்தமான வருத்தம் எல்லாம் பார்ப்பவர். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். மண்ணெண்ணெயில் ஓடுகிற மோட்டார் சைக்கிளில் புகை கக்கிக்கொண்டு வருவார். வெளிச்சம் இருக்கும்வரை பார்ப்பார். பிறகு போய்விடுவார். கரண்ட் இல்லை. அதனால் அன்றைக்குப் பார்க்க முடியாத ஆட்கள் அடுத்த மாதம்தான்.

வரிசையை நான் பார்த்தேன். எனக்கு மேலே ஒரு தாதி. நாங்கள் மிசி என்போம். கண்டிப்பானவர். எனக்கு வேலை பழக்கியவர் அவர்தான். ஒரு விதி வைத்திருந்தார். அந்தக் காலத்தில் கூட்டுறவுச் சங்கக் கடையில் சீனிக்கும் மண்ணெண்ணெய்க்கும் சனம் விடியவே போய்க் கல்லு வைக்கும். கல்லு, செருப்பு, உரப்பை, ஏதாவது ஒன்றை வரிசையில் வைத்துவிட்டுப் போய் வேலையைப் பார்த்துவிட்டு வரும். கல்லு நிற்கிற இடம் ஆள் நிற்கிற இடம். அதை ஒருவரும் எடுக்கமாட்டார்கள். அடிபிடி வந்தாலும் கல்லுக்கு மரியாதை இருந்தது. ஆஸ்பத்திரியில் மட்டும் அது செல்லாது என்று மிசி சொல்லிவிட்டார். பெயர் கூப்பிடும்போது நோயாளி நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அடுத்த ஆள்.

மேரி முதல் தரம் வந்தது மாரி மழை விட்ட மாதம். முல்லைத்தீவுக் கரையில் இருந்து இடம்பெயர்ந்த குடும்பம். புருசன் கடலுக்குப் போனவர். தோணி கரையோடு விடுபட்டுப் போய்விட்டது. இங்கே காட்டில் விறகு வெட்டிச் சைக்கிளில் கட்டி விற்றார். மேரி வயலில் கூலி. கடலோடு வாழ்ந்த ஆளுக்குக் களை எது நெல் எது என்று தெரியாமல் முதலில் நெல்லைப் பிடுங்கி ஏச்சு வாங்கினவராம். அதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். அவர் சிரித்ததை நான் கண்டது கொஞ்சம்தான்.

கூட ஒரு பெண்பிள்ளை. ஜெசிந்தா. ஒன்பது வயது இருக்கும். வந்ததும் வராததுமாகத் தராசில் ஏறி நின்றுவிட்டாள்.

"மாமா, நான் எத்தினை மூட்டை?"

நான் பதில் சொல்வதற்குள் இறங்கிவிட்டாள். கட்டிலுக்குக் கீழே புகுந்தாள். ஒரு கிழவரின் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு ஓடினாள். திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"மாமா, உங்கட மீசை ஏன் ஒரு பக்கம் சரிஞ்சு கிடக்கு? நித்திரையில நசிஞ்சு போச்சோ?"

வரிசையில் இருந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். தண்ணீர்ப் பானை உருண்டபோது சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு மனிசி கத்தினார்.

"இஞ்சை, பிள்ளையைப் பிடி! பெத்தால் மட்டும் காணுமே? வளக்கத் தெரிய வேண்டாமே?"

இன்னொருவர், "கடற்கரைப் பிள்ளையள் உப்பிடித்தான். காத்தைக் குடிச்சு வளந்ததுகள்."

"உதுக்கு டொக்டர் எதுக்கு? ரெண்டு பூவரசங் கம்பு காணும்."

மேரி பிள்ளையைப் பிடித்துக் கன்னத்தில் ஒன்று போட்டார். பிள்ளை அழவில்லை. கையை உதறிவிட்டு ஓடியது. மேரி பின்னால் ஓடினார். அப்படியே இருவரும் வாசல் படலையைத் தாண்டிப் போனார்கள். பெயர் கூப்பிட்டபோது ஆள் இல்லை. மிசி அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார். கூப்பிட்டேன்.

இதைக் கவனியுங்கள். அந்தப் பிள்ளைக்கு என்ன வருத்தமோ, அதைத்தான் டொக்டருக்குக் காட்ட வந்தார்கள். அந்த வருத்தம்தான் அவளை டொக்டரிடம் போகவிடவில்லை. கால் முறிந்தவனை நாங்கள் ஓடி வா என்று சொல்வதில்லை. இவளைப் பேசாமல் இரு என்று சொன்னோம்.

நான் வீட்டுக்குப் போகிற வழியில்தான் அவர்களுடைய கொட்டில். சில நாள் கழித்து அந்த வழியால் வரும்போது ஜெசிந்தாவைக் கண்டேன். முன்னால் நின்ற பாலை மரத்தோடு கட்டியிருந்தது. இடுப்பில் துணி சுற்றி, அதற்கு மேலே தோணிக் கயிறு. கயிறு நீளமாக விட்டிருந்தார்கள். மரத்தைச் சுற்றி நிலம் வட்டமாகத் தேய்ந்து புல்லில்லாமல் கிடந்தது.

"மாமா! மீசை மாமா! நான் அந்தத் தடி மட்டும் போவன். அங்கால கயிறு விடாது."

ஓடிக் காட்டினாள். கயிறு இழுத்தது. திரும்பி மற்றப் பக்கம் ஓடினாள்.

மேரி அரிவாளோடு வந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் இறுகிவிட்டது.

"என்ன அண்ணை, ஏசப் போறியளோ? ஏசுங்கோ. பாதர் ஏசிப்போட்டார். ரீச்சரும் ஏசிப்போட்டா. நீங்கள் ஒராள்தான் மிச்சம்."

"நான் ஏசேல்லை தங்கச்சி. ஏன் கட்டினனீங்கள் எண்டு கேக்கத்தான்."

"கட்டாட்டி எங்க நிப்பாள் எண்டு தெரியாது. ஒருக்கா வாய்க்காலுக்குள்ள இருந்து இழுத்து எடுத்தது. ஒருக்கா மிதிவெடி எண்டு பலகை குத்தின காணிக்குள்ள நிண்டு பூப் புடுங்கிக்கொண்டு நிண்டவள். நான் வெளியில நிண்டு கூப்பிடவும் பயம், கூப்பிடாமல் விடவும் பயம். பிறகுதான் கட்டத் தொடங்கினது."

"பள்ளிக்கூடம்?"

"விடுறாங்களில்லை. மற்றப் பிள்ளையளைக் குழப்புறாளாம்."

"வீட்டில ஒராள் நிண்டால்?"

"நிக்கலாம். ஆர் சோறு தாறது? நீங்கள் தருவியளோ?"

நான் கயிற்றைப் பார்த்தேன்.

எங்கள் தொழிலில் கயிற்றைக் கண்டவுடன் அவிழ்த்துவிட்டுப் புத்தி சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். அவிழ்க்கச் சொல்கிறவர் அந்தப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு அந்தி வரைக்கும் நிற்க வேண்டும். நான் நிற்கத் தயாரில்லை. எனக்கும் வேலை இருந்தது. அதனால் கயிற்றைத் தொடவில்லை. அடுத்த கிளினிக் எப்போது என்று மட்டும் சொன்னேன்.

"அண்டைக்கு அரிவு வெட்டு," என்றார்.

கையால் நெல் அறுக்கிற அரிவு வெட்டைப் பற்றி நீங்கள் அறிந்திருக்கமாட்டீர்கள். இப்போது எல்லாம் மெசின். அப்போது கூட்டமாக வயலைப் பொறுப்பு எடுத்து வெட்டுவார்கள். ஆளுக்கொரு நிரை. ஒருநாள் ஒருவர் வராவிட்டால் நிரை வெறுமையாக நிற்க விடமாட்டார்கள். வேறு ஆளைப் போடுவார்கள். போட்ட ஆளைப் பிறகு எடுக்கமாட்டார்கள். ஒருநாள் லீவு என்பது அந்தப் போகம் முழுக்க லீவு. எத்தனையோ பேர் இடம்பெயர்ந்து வந்து அரிவாளோடு வரம்பில் காத்து நின்ற காலம் அது. கூட்டத்துக்குத் தலைவி ஒரு மனிசி. அவரும் பாவம். வயல்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்.

ஆகவே மேரி ஒரு வேலை செய்தார். அடுத்த கிளினிக் அன்று விடியவே வந்து வரிசையில் ஒரு கல்லை வைத்துவிட்டு வயலுக்குப் போய்விட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வெட்டு நிற்கிற நேரத்தில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவதாக என்னிடம் சொன்னார். மிசியின் விதியை நான் சொன்னேன்.

"சங்கக் கடையில சீனிக்கு வைக்கலாம். பிள்ளைக்கு வைக்கேலாதோ அண்ணை?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வரிசை நகர்ந்தது. கல்லின் முறை வந்தது. பெயரைக் கூப்பிட்டேன்.

பின்னால் நின்ற மனிசன் சொன்னார், "வாரும், கல்லாரே, டொக்டர் கூப்பிடுறார்."

எல்லாரும் சிரித்தார்கள்.

"கல்லுக்கு மனவருத்தமோ? பாவம், வெயிலில நிண்டு நிண்டு வந்திருக்கும்."

மிசி வெளியே வந்து கல்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அடுத்த ஆள்," என்றார். அவர் பிழையாகச் செய்யவில்லை. அன்றைக்கு வரிசையில் நின்றவர்களும் தூரத்திலிருந்து வந்தவர்கள்தான். புதுக்குடியிருப்புப் பக்கமிருந்து நடந்து வந்தவர்களும் உண்டு. ஒருவருடைய இடத்தைக் கல்லுக்குக் கொடுத்தால் இன்னொருவர் வெறுங்கையோடு திரும்பிப் போக வேண்டும். விதி வைக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் வைக்கிறார்கள்.

வெயில் உச்சிக்கு ஏறியபோது பின்பக்கம் ஹோன் சத்தம் கேட்டது. அரிசி மில் முதலாளியின் கார். அந்த நாளில் அந்தப் பக்கத்தில் கார் வைத்திருந்தவர்கள் மிகக் குறைவு. நான் போய்ப் பின்கதவைத் திறந்தேன். அது எழுதாத விதி. மில் முதலாளி ஆஸ்பத்திரிக்கு அரிசி தருகிறவர். நாங்கள் சமைத்து நோயாளிக்குக் கொடுத்த கஞ்சி அவருடைய அரிசி. ஆகவே பின்கதவைத் திறக்கச் சொல்லி யாரும் எனக்குச் சொல்லவில்லை. திறக்காதே என்றும் சொல்லவில்லை.

முதலாளியம்மா மகனைக் கூட்டிக்கொண்டு இறங்கினார். அவனுக்கும் ஒன்பது பத்து வயது இருக்கும். இறங்கினதும் ஓடிவந்து தராசில் ஏறினான். இறங்கினான். கட்டிலுக்குக் கீழே போனான். டொக்டரின் அறைக்குள் போய் மேசையில் ஏறி நின்றான். மிசி சிரித்துக்கொண்டு, "சரியான துடியாட்டம் என்ன?" என்று சொல்லி அவனை இறக்கிவிட்டார். ஜன்னலால் எட்டிப் பார்த்த வரிசையும் சிரித்தது. பூவரசங் கம்பு பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் மேரி பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடி வந்தார். வயலில் இருந்து கொட்டிலுக்கு ஓடி, ஒன்பது வயதுப் பிள்ளையை இடுக்கிக்கொண்டு வந்திருக்கிறார். வைக்கோல் தூசி முகமெல்லாம். கல்லுக்கு முன்னால் வேறு ஆட்கள் நிற்பதைக் கண்டார். கேட்கவில்லை. விளங்கிவிட்டது. திரும்பினார். திரும்பும்போது ஜன்னலுக்குள்ளே முதலாளியின் மகனைக் கண்டார். அப்படியே நின்றுவிட்டார்.

"அண்ணை," என்றார் மெதுவாக. "அந்தப் பெடியனும் என்ர பிள்ளை மாதிரித்தானே?"

"ஓம்."

"அவனுக்கும் மருந்து குடுக்கினமோ?"

"தெரியாது தங்கச்சி. டொக்டர் கனநேரமாப் பாக்கிறார்."

பிள்ளை திமிறிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு நேரம் போய்க்கொண்டிருந்தது. வயலில் நிரை தொடங்கிவிடும். முன்னால் வரிசை. பின்னால் மிசி. யோசிக்க நேரம் இல்லை. இப்படியான இடத்தில் யாரிடமும் போய்க் கேட்கவும் முடியாது. கேட்டால் விதியைத்தான் சொல்வார்கள்.

நான் மேரியைக் கூட்டிக்கொண்டு களஞ்சியத்தைச் சுற்றிப் போனேன். பின்கதவு திறந்தபடி இருந்தது. முதலாளியம்மா வெளியே வர, நான் மேரியை உள்ளே விட்டேன்.

மிசி என்னை ஒரு பக்கம் இழுத்தார்.

"உமக்கு விசர் பிடிச்சதே? நாளைக்கு எல்லாரும் பின்கதவால வரப்போகினம்."

"இப்பவும் வருகினம்தானே மிசி."

அவருக்குக் கோபம் வந்தது. ஆனால் ஏசவில்லை. போய் மேரி இருப்பதற்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். வரிசை எங்களைக் கெட்ட வார்த்தையால் ஏசியது. அதில் நியாயம் இருந்தது. அந்த ஏச்சை வாங்கத் தெரியாவிட்டால் வாசலில் நிற்க வராதீர்கள்.

டொக்டர் ஜெசிந்தாவைப் பார்த்தார். அவள் அவருடைய பேனையைப் பிடுங்கினாள். அவர் கழுத்தில் தொங்கிய குழாயை இழுத்து நெஞ்சில் வைத்துத் தன் மூச்சைத் தானே கேட்டாள். டொக்டர் தடுக்கவில்லை. தாயிடம் கேள்வி கேட்டார். பிறகு சொன்னார்.

"இது குழப்படி இல்லை அம்மா. உங்கட வளர்ப்புப் பிழையும் இல்லை. இது ஒரு வருத்தம். ஒரு விசயத்தில மனசு நிண்டு பிடிக்குதில்லை. கையும் காலும் சும்மா இருக்க விடுதில்லை. அவள் வேணுமெண்டு செய்யேல்லை."

நீளமான ஒரு பெயரும் சொன்னார். அது எனக்கு வாயில் நுழையவில்லை. மேரிக்கும் நுழையவில்லை. அவர் பிடித்துக்கொண்டது வேறு.

"அப்ப என்னில பிழை இல்லையோ டொக்டர்?"

"இல்லை."

"அடிச்சதால வந்ததும் இல்லையோ?"

"இல்லை. ஆனால் அடிக்காதேங்கோ."

பிறகு என்ன செய்ய வேண்டும் என்று சொன்னார். எல்லாவற்றையும் ஒரே நேரத்துக்குச் செய்ய வேண்டும். சின்னச் சின்ன வேலையாகக் கொடுக்க வேண்டும். காலையும் மாலையும் பக்கத்தில் ஒராள் இருந்து படிப்பிக்க வேண்டும். வகுப்பில் முன்வரிசை வாங்கில் இருத்த வேண்டும். நல்ல சாப்பாடு வேண்டும். எல்லாம் சரியான கதை. மேரி தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். முடிவில் ஒன்று கேட்டார்.

"ஆர் பக்கத்தில இருக்கிறது டொக்டர்?"

டொக்டர் துண்டை இழுத்தார். விழுங்குகிற குளிசை ஒன்று எழுதினார். மேரி அடுத்ததைக் கேட்டார்.

"உதைக் குடிச்சால் பிள்ளையைக் கட்டாமல் விடலாமோ?"

"விடலாம் எண்டுதான் நினைக்கிறன்."

மேரி அந்தத் துண்டை மருந்து கொடுக்கிற ஜன்னலுக்குக் கொண்டுபோனார். மருந்துக்காரர் வாசித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இது எங்களிட்டை இல்லை. கொழும்பில இருந்து வரவேணும். இப்பதான் முதலாளியம்மாவுக்கும் இதையே சொன்னனான். அவையின்ர ஆள் வவுனியாவுக்குப் போறவர், எடுப்பினம்."

கொழும்பு என்றால் முதலில் வவுனியா. வவுனியா என்றால் பாஸ், போய்வர அனுமதித் துண்டு. பாஸுக்கு அலைச்சல், பிணை நிற்க ஆள், ஓமந்தைக்கு அங்கால் காத்துக் கிடக்கிற நாட்கள், மருந்தைக் கொண்டு திரும்பும்போது ஆயிரம் கேள்வி. இவ்வளவும் முடிந்தால் பிறகு மருந்துக் காசு. அது முடிய, அடுத்த மாதம் திரும்பவும் முதலில் இருந்து. மேரியின் புருசன் விறகுச் சைக்கிளை விட்டுவிட்டுப் போனால் வீட்டில் அடுப்பு எரியாது. ஒரே வருத்தம். ஒரே டொக்டர். ஒரே குளிசை. ஒரு வீட்டுக்கு அது கார் ஓடுகிற தூரம். மற்ற வீட்டுக்கு அது இல்லாத ஊர்.

மேரி அன்று பின்னேரமே மில்லுக்குப் போனார். கேட்க வெட்கப்படவில்லை. தங்கள் ஆள் வாங்கும்போது தன் பிள்ளைக்கும் வாங்க முடியுமா, வயல் கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிறேன் என்று கேட்டிருக்கிறார். முதலாளியம்மா யோசித்துவிட்டு வேறொரு வழி சொல்லியிருக்கிறார். சில நாள் கழித்து மேரி ஆஸ்பத்திரிக்கு வந்து அதைச் சொன்னார். அன்றைக்கு அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"பிள்ளையைத் தங்களோட விடட்டாம் அண்ணை. மகனுக்குக் குளிசை குடுக்கேக்கை இவளுக்கும் குடுக்கினமாம். வீட்டில சின்னச் சின்ன வேலை செய்து குடுத்தால் காணுமாம். மகனுக்குச் சொல்லிக் குடுக்க வாற ரீச்சர் இவளுக்கும் ரெண்டு எழுத்துச் சொல்லிக் குடுப்பாவாம். கட்டத் தேவையில்லை. நான் நிம்மதியா வயலுக்குப் போகலாம்."

மிசி மேரியின் கையைப் பிடித்துக்கொண்டு, "மாதா கண் திறந்திட்டா," என்றார். மிசி பிள்ளையார் கோயிலுக்குப் போகிறவர். மேரிக்காக அப்படிச் சொன்னார். நாங்கள் எல்லாரும் சந்தோசப்பட்டோம். மருந்துக்காரர் கூட.

அடுத்த கிளினிக் நாள் வந்தது. பின்பக்கம் ஹோன் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தேன். முதலில் இறங்கியது ஜெசிந்தா. நல்ல சட்டை போட்டிருந்தாள். தலை இழுத்துக் கட்டியிருந்தது. கையில் சுடுதண்ணிப் போத்தல், மற்றக் கையில் ஒரு பை. இறங்கின வேகத்தில் ஓடிப்போய் மற்றப் பக்கத்துக் கதவைத் திறந்தாள். முதலாளியம்மா இறங்கினார். மகன் இறங்கினான். அவன் அமைதியாக நடந்து வந்து வாங்கில் அமர்ந்தான். ஒரு படப் புத்தகத்தை விரித்துப் பார்க்கத் தொடங்கினான்.

ஜெசிந்தா இருக்கவில்லை. ஓடிப்போய்த் தண்ணீர் வார்த்து வந்தாள். விசிறி எடுத்து வந்தாள். அவன் கழற்றி வைத்த சப்பாத்தைத் துடைத்தாள். திரும்பவும் காருக்கு ஓடினாள். முன்பக்கத்து வரிசை ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றது. முதல் தரம் மேரியை ஏசிய அதே மனிசியும் நின்றார்.

"என்ன சுறுசுறுப்பான பிள்ளை, பாருங்கோவன்," என்றார். "உப்பிடி ஒண்டு எங்களுக்கும் கிடைச்சால்!"

நான் ஜெசிந்தாவைப் பிடித்து நிறுத்தினேன்.

"பிள்ளை, குளிசை குடிக்கிறனியோ?"

"முதல் குடிச்சனான் மாமா. இப்ப அவருக்கு மட்டுந்தான்." சொல்லிக்கொண்டே என் பிடியில் இருந்து நழுவி ஓடினாள்.

முதலாளியம்மாவிடம் கேட்டேன். வாசல்காரன் கேட்கிற கேள்வி இல்லை. கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. கெட்ட மனிசி இல்லை அவர். அதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடிக்காத பகுதி.

"நான் சொன்ன சொல்லு மாறேல்லை," என்றார். "எங்கட பிள்ளைக்கு வாங்கினதிலதான் அவளுக்கும் எடுத்துக் குடுத்தனான். ஒரு கிழமை, ஏழு நாளும் குடுத்தன். குடுத்தால் என்ன செய்யிறாள் தெரியுமே? மகன்ர மேசைக்குக் கீழ போய் இருந்துகொண்டு அவன்ர பழைய கொப்பியைப் பாத்து எழுதிக்கொண்டிருக்கிறாள். கூப்பிட்டால் 'இந்தா வாறன் அம்மா' எண்டு சொல்லிப்போட்டுப் பிறகும் எழுதுறாள். முற்றம் கூட்டேல்லை. கோழி அடைக்கேல்லை. நீங்களே சொல்லுங்கோ, படிக்கவே அவளை வைச்சிருக்கிறது?"

நான் ஜெசிந்தா ஓடிய பக்கம் பார்த்தேன். அவர் தொடர்ந்து சொன்னார்.

"நானா நிப்பாட்டேல்லை. தாயைக் கூப்பிட்டு, உவள் வேலைக்குச் சரிவரமாட்டாள், கூட்டிக்கொண்டு போம் எண்டுதான் சொன்னனான். தாய்தான் குளிசை குடுக்கவேண்டாம் எண்டவா."

நான் அதை நம்பவில்லை. உள்ளே போய் டொக்டரிடம் சொன்னேன். டொக்டர் எழுதுவதை நிறுத்தினார். மருந்து வேலை செய்திருக்கிறது என்பது அவருக்கும் விளங்கியது, எனக்கும் விளங்கியது. வேலை செய்ததால்தான் நிறுத்தியிருக்கிறார்கள்.

"தாயைக் கூட்டிக்கொண்டு வாரும்," என்றார். "நான் கதைக்கிறன்."

வாசலை மிசியிடம் விட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். அதுவும் விதியில் இல்லாததுதான். மிசி போகச் சொன்னார்.

போகத்தின் கடைசி வயல்கள் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வரம்பில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கூப்பிட்டேன். மேரி நிமிர்ந்து பார்த்தார். தலைவியைப் பார்த்தார். பிறகு அரிவாளோடு வரம்புக்கு வந்தார். தலைவி பின்னால் கத்தினார், "மேரி, கதை பிறகு!"

"தங்கச்சி, டொக்டர் உங்களைக் கூப்பிடுறார். பிள்ளைக்குக் குளிசை குடுக்கினமில்லை."

"தெரியும் அண்ணை."

"நீங்கள்தான் வேண்டாம் எண்டனீங்களாம். பொய்தானே?"

"இல்லை. நான்தான் சொன்னனான்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. அரிவாளின் நுனியால் வரம்பில் இருந்த புல்லை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு நின்றார்.

"கூட்டிக்கொண்டு போ எண்டவா. கூட்டிக்கொண்டு வந்து என்ன செய்யிறது? இஞ்ச வந்தாலும் குளிசை இல்லை. அங்க நிண்டாலும் குளிசை இல்லை. அங்க எண்டால் சாப்பாடு கிடைக்குது. பாக்க ஆளிருக்கு. அதுதான், குளிசையை நிப்பாட்டுங்கோ அம்மா, பிள்ளையை நிப்பாட்டாதேங்கோ எண்டு கேட்டனான்."

"டொக்டர் கதைச்சுப் பாக்கிறன் எண்டு சொல்லுறார்."

"கதைச்சால் அவாவுக்குக் கோவம் வரும். வேண்டாம் அண்ணை. டொக்டரிட்டைச் சொல்லுங்கோ, தாய் வரேல்லை எண்டு."

தலைவி மறுபடியும் கத்தினார். மேரியின் நிரை மட்டும் பின்னால் நின்றது. மற்றவர்கள் முன்னேறிப் போய்க்கொண்டிருந்தார்கள். மேரி இரண்டடி வைத்துவிட்டுத் திரும்பினார். முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் இருந்தது. அதை நான் மறக்க எவ்வளவோ பாடுபட்டிருக்கிறேன்.

"அந்த ஒரு கிழமையில தன்ர பேரை எழுதப் பழகீட்டாள் அண்ணை. முதலாளியம்மாவே சொன்னவா. நிலத்தில எழுதிக் காட்டினவள், நான் கண்டனான். பொம்பிளைப் பிள்ளைக்குப் பேர் எழுதத் தெரிஞ்சால் காணும்தானே?"

பதிலுக்கு நிற்கவில்லை. நிரைக்குள் இறங்கிக் குனிந்துவிட்டார்.